காக்காவின் கபனில் மூன்று நிறம்

தில்லையடிச் சந்தியில் இறங்கி, பிரிண்டருக்கு மை நிரப்புகிறவரின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டு முடிக்குமுன் மூன்று கை நீளும். ஒன்று தேத்தண்ணிக் கடைக்காரருடைய கை. மற்ற இரண்டும் யாருடையவை என்று எனக்கே தெரியாது. என்னைத் தெரிந்தவர்களை எனக்குத் தெரியாது என்கிற நிலைக்கு நான் வந்து பல வருஷமாகிறது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலத்தில் இலக்கம் மட்டும்தான் பிடிபடும். ஆனால் வண்ணாத்திவில்லுவிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எந்த அலுவலகத்து மேசையில் எந்தப் பிரிண்டர் இருக்கிறது, அதன் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படித்தவர்கள் காட்ரிஜ் என்பதை நான் பெட்டி என்பேன். மேலே ஒரு துளை உள்ள கறுப்பு மைப் பெட்டிக்கு ஒற்றைக்கண்ணன் என்றும், மூன்று துளை உள்ள நிறப் பெட்டிக்கு மூன்றுகண்ணன் என்றும் பெயர் வைத்தேன். கொழும்பிலிருந்து வரும் விற்பனைக்காரர் நீளமான ஆங்கில இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு நிற்க, இங்கேயுள்ள கிளார்க்மார் “ரெண்டு ஒற்றைக்கண்ணன் நிரப்பித் தாங்க நானா” என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டு என்னிடம் வருவார்கள். என் வாயில் பிறந்த சொல் அரசாங்க மேசைக்கு ஏறிவிட்டது. இதைவிட ஒரு மனிசனுக்கு என்ன வேண்டும்?

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து முகாமில் கிடந்தவன்தான் நான். உப்பளத்தில் மூட்டை சுமந்தேன். தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்தேன். பிறகு ஒரு பழைய சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழைய இரும்பும் போத்தலும் வாங்கித் திரிந்தேன். அப்படித் திரிந்த ஒரு நாள், ஓர் அலுவலகத்தின் பின்பக்கம் குழி வெட்டி, கழிவுத் தாளை எல்லாம் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள் உருகிக் கொண்டிருந்தன. அந்தப் புகை தொண்டையைப் பிடித்தது. இன்னும் உருகாத ஒன்றைக் குச்சியால் இழுத்து எடுத்து, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அமத்தினேன். விரல் நீலமாய்ப் போனது.

அந்த நீலத்தைப் பார்த்து நின்றது இப்போதும் என் நெஞ்சில் துடிக்கிறது. முடிந்துவிட்டது என்று எரிக்கிறார்கள். உள்ளே மை இருக்கிறது. இது படித்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. குழியில் இருந்ததையெல்லாம் அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்காரியின் மீன் வெட்டும் கத்தியால் ஒன்றைப் பிளந்தேன். உள்ளே ஸ்பொஞ்சு. அந்த ஸ்பொஞ்சு குடித்து வைத்திருப்பதை அடியிலுள்ள செப்புத் தகட்டின் நுண்ணிய துளைகள் துப்புகின்றன, விஷயம் இவ்வளவுதான். மருந்துக் கடையில் ஊசி வாங்கினேன். போட்டோப்பிரதி எடுக்கிற கொமியுனிகேஷன் கடைக்காரர் ஒருவரின் பிரிண்டரைக் கெஞ்சி வாங்கிப் பரீட்சை பார்த்தேன். ஐந்து சேட்டு நாசமானது. வீட்டுச் சுவர் நீலமும் மஞ்சளுமானது. கடைசியில் ஒரு நாள், நான் நிரப்பிய பெட்டி ஒரு தாளை முழுசாக அடித்து வெளியே தள்ளியது. பிரிண்டர் மட்டும் மை இல்லை மை இல்லை என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. அது அடித்த தாளை எண்ணி வைத்துச் சொல்கிற பொய். ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வாயை மூடிக்கொள்ளும் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று முதல் எங்கள் பக்கத்தில் பெட்டியை எரிக்கிற வழக்கம் குறைந்தது. நிரப்பக்கூடியதை நிரப்புவேன். உயிரே இல்லாததை உடைத்து, பிளாஸ்டிக் வேறாக, செப்புத் தகடு வேறாகக் கொழும்பு லொறியில் ஏற்றுவேன். இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெற்றோல் வரிசை வருஷம் வந்தது.

எல்லோருக்கும் அது கெட்ட வருஷம். பாண் இல்லை, கேஸ் இல்லை, கரண்ட் இல்லை. எனக்கு மட்டும், அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அது ராசா வருஷம். கப்பல் வராததால் புதுப் பெட்டி நாட்டுக்குள் வரவில்லை. முன்னர் என்னைச் சாக்குக்காரன் என்று சொன்னவர்கள் காலிப் பெட்டியை உறையில் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார்கள். பள்ளிக்கூட அதிபர்மார் ஒன்றுகூடிய ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கதிரை போட்டு இருத்தினார்கள். நிரப்பிய பெட்டியை நம்பிப் பரீட்சைத் தாள் அடிக்கலாமா, இடையில் நின்றுவிடாதா என்று கேட்டார்கள். நான் எழும்பி நின்றேன்.

“என்ட பெட்டி இந்தத் தவணை முடியிற வரைக்கும் அடிக்கும். இடையில மூச்சு நிண்டா, தூக்கிக் களப்பில எறிஞ்சு போட்டு, ஒருத்தரும் என்ட வாசலுக்கு வராதீங்க” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். நுரைச்சோலைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்தப் பக்கம் கட்டிக்கொண்டு வந்த டீச்சர். கைப்பையிலிருந்து ஓர் ஒற்றைக்கண்ணனை எடுத்து என் முன்னால் வைத்தார். மற்ற அதிபர்மார், முதலில் டீச்சருடைய பெட்டி எப்படி ஓடுகிறது பார்ப்போம், பிறகு நாங்களும் தருகிறோம் என்று கலைந்து போனார்கள். ஆக, முழுக் கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்களும் அந்த ஒரு பெட்டியில் தொங்கின.

இங்கே ஓர் உண்மையை எழுதாவிட்டால் இந்தக் கதை கதையில்லை. அந்தக் கிழமை என்னிடம் கறுப்பு மை அடியோடு ஒட்டிக் கிடந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய போத்தல் வரவில்லை. இன்னும் இரண்டு பெட்டிகள் காத்திருந்தன. ஒருவரையும் திருப்பி அனுப்ப என் பெருமை இடம் கொடுக்கவில்லை. இருந்ததைப் பங்கு போட்டேன். டீச்சருடைய பெட்டிக்குள் போனது பாதிதான். மை வந்ததும் ஆட்டோவில் போய் மிச்சத்தை நிரப்பிவிட்டு வரலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிதானே போட்டீங்க என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

அவள் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகள் மௌத்தானால் குளிப்பாட்டி, கபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றுவது அவள்தான். பள்ளிவாசலிலிருந்தும் வீடுகளிலிருந்தும் எந்த நேரமும் அழைப்பு வரும். வெள்ளைத் துணி, பஞ்சு, கற்பூரம், பன்னீர், கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பையில் கட்டியே வைத்திருப்பாள். மையத்து என்று, செத்த உடம்பைச் சொல்கிற அந்தச் சொல் காதில் விழுந்தால் கை தானாகப் பைக்குப் போகும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நான் பின்பக்கம் மூன்றுகண்ணன் ஒன்றைச் சுடுதண்ணீரில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தேன். கை முழுக்க மை என்பதால் கைபேசியை அவள் எடுத்தாள். கரண்ட் வெட்டினால் கோபுரமும் செத்துப்போகிற காலம். காதுக்குள் கரகரவென்ற இரைச்சல்தான் கேட்கும். அவள் “ஆ, ஆ” என்றாள். பிறகு கைபேசியைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“நுரைச்சோலையில இருந்து ஒரு பொம்பள கதைச்சாங்க. பள்ளியில மையத்தாம். போச்சாம். உங்கள உடன வரட்டாம்.”

நுரைச்சோலைப் பக்கம் எனக்கு இருப்பது ஒரேயொரு காக்கா. என் மூத்த உடன்பிறப்பு. சீனி வருத்தம் என்கிற நீரிழிவோடு இரண்டு கிழமையாக எழும்பி நடக்கக் கஷ்டப்பட்டவர். பெண்சாதி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் வெளிநாட்டில். என்னைத்தானே கூப்பிடுவார்கள்? திருப்பி எடுத்தோம், லைன் போகவில்லை. காக்காவின் கைபேசிக்கு எடுத்தோம், அதுவும் செத்துக் கிடந்தது. இன்னாலில்லாஹி என்று சொல்லிக்கொண்டு கையைக் கழுவினேன். நீலம் போகவில்லை. அப்படியே வெள்ளைச் சாரமும் சேட்டும் உடுத்தேன். அவள் பையைத் தூக்கினாள்.

ஆட்டோவில் அந்தக் கிழமைக்கு அளந்து தந்த பெற்றோல் இருந்தது. போய் வரக் காணும். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. பாலாவியால் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஓடும்போது எனக்குக் கண் தெரியவில்லை. முகாமுக்கு வந்த நாட்களில் தன் பங்குப் பாணை எனக்குத் தந்துவிட்டுத் தான் தண்ணீர் குடித்த மனிசன். அவர் ஒருவரிடம்தான் நான் பெருமை பேச மாட்டேன், ஏனென்றால் நம்ப மாட்டார். வீட்டுக்காரி பின்னால் இருந்து ஓதிக்கொண்டே வந்தாள். இடையில் ஒருமுறை, கபன் துணி காணுமோ தெரியாது, உங்கட காக்கா நல்ல உயரம் என்றாள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

காக்காவின் வளவுக்குள் ஆட்டோவைத் திருப்பினேன். ஒரு சனமும் இல்லை. தென்னை நிழலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காக்கா இருந்தார். ஒரு கையில் பாண். மறு கையில் தேத்தண்ணீர். எங்களைக் கண்டதும் தேத்தண்ணீரைக் கதிரைக்குக் கீழே மறைத்தார், ஏனென்றால் அதில் சீனி போட்டிருந்தது.

“என்னடா ரெண்டு பேரும் வெள்ளை உடுத்துக்கிட்டு? ஆரு மௌத்து?” என்றார்.

வீட்டுக்காரிதான் சொன்னாள்.

“நீங்கதான் மச்சான்.”

காக்கா பாணை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். “நான் காலம்பொற இருந்து இஞ்சதானே இரிக்கிறன்” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் காலடியில் குந்தினேன். ஆர் அழைத்தது, என்ன சொன்னது என்று காக்கா ஒரு நீதவான்போல விசாரித்தார். வீட்டுக்காரி காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தாள். நுரைச்சோலையில இருந்து கதைக்கிறன். நானாட்டச் சொல்லுங்கோ. பள்ளி... அதற்குப் பிறகு இரைச்சல். மையத்துப் போச்சு. உடன வரச் சொல்லுங்கோ.

காக்கா கண்ணை மூடிக்கொண்டு அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அவர் முப்பது வருஷமாக அந்தச் சனங்களோடு அயலில் இருக்கிறவர். “புள்ள, அது பள்ளிவாசல் இல்ல, பள்ளிக்கூடம். மையத்து இல்ல. மை அத்துப் போச்சு. மை முடிஞ்சு போச்சாம். உன்ட புருஷன்ட மை.”

மை அத்துப் போச்சு. சேர்த்துச் சொன்னால் மையத்துப் போச்சு. அந்தப் பக்கத்து டீச்சர்மாருக்கு அது தீர்ந்துபோன மை. எங்கள் வீட்டில், அதுவும் என் வீட்டுக்காரியின் காதில், அது துணி போர்த்திய ஜனாஸா. காக்கா உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட எனக்குத் தங்கவில்லை. அடுத்த நிமிஷமே விளங்கிவிட்டது: நான் பாதி நிரப்பிய பெட்டி மூச்சை விட்டுவிட்டது.

பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். காக்கா தானும் வருவேன் என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். தன்னுடைய மையத்தைத் தானும் பார்க்க வேண்டுமாம்.

டீச்சர் தன் அலுவலக அறையான கந்தோரின் வாசலில் நின்றார். மறுநாள் காலை, சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு நான்கு பக்கம். நாற்பது ஐம்பது தாள் அடிபட்டதும் எழுத்து மங்கி, பிறகு வெறுந்தாளாக வந்ததாம். மூன்று மணிக்குக் கரண்ட் வெட்டு. அதற்கு அரை மணித்தியாலம் பிந்தி டீச்சருடைய கடைசி பஸ்ஸும் போய்விடும். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“நல்ல காலம் வந்திட்டியள் நானா. மை கொண்டு வந்தனீங்களோ?” என்றார்.

நான் கொண்டு வந்திருந்தது ஐந்து முழம் வெள்ளைத் துணியும் கற்பூரமும். முந்தின நாள்தான் வந்த புது மைப் போத்தல் தில்லையடியில் மேசையில் இருந்தது. போய் எடுத்து வரலாம், ஆனால் பெற்றோல் போகத்தான் காணும், திரும்பி வரக் காணாது. தொலைபேசியில் ஒரு சொல் பிழைத்ததைச் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு காக்காவைப் பார்த்தார். காக்கா கையை உயர்த்தி ஸலாம் காட்டினார்.

பழைய பெட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். டீச்சர் அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்தார். அரசாங்கச் சாமானை எறியப் பயந்து, பிரிண்டர் வந்த நாளிலிருந்து முடிந்த பெட்டி எல்லாவற்றையும் அதற்குள்ளே போட்டு வைத்திருந்தார். மேசையில் கொட்டினேன். பதினொரு ஒற்றைக்கண்ணன், ஒன்பது மூன்றுகண்ணன். வேறு யாருக்கும் அது குப்பை. எனக்கு அது இருபது கிணறு. அடியில் கொஞ்சம் தண்ணீர் இல்லாத கிணறு இல்லை.

ஊசிதான் இல்லை. நான் காக்காவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. இடுப்பில் கட்டிய பையிலிருந்து இன்சுலின் ஊசி இரண்டைக் கடதாசி பிரிக்காமல் எடுத்துத் தந்தார். “உனக்கு ஊசி வேணும் எண்டுதான் அல்லாஹ் எனக்குச் சீனி வருத்தத்தத் தந்திரிக்கான் போல” என்றார்.

வேலை தொடங்கியது. இந்த வேலையை இந்த நாட்டில் வேறொருவன் அப்படிச் செய்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையல் அறையிலிருந்து சுடுதண்ணீர் வந்தது. சாசரில் ஊற்றி, பெட்டிகளை ஒவ்வொன்றாக அடித் தகடு மட்டும் நனையும்படி நிறுத்தினேன். வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த மை இளகிப் புகைபோலத் தண்ணீருக்குள் இறங்கியது. இனித் துடைக்கத் துணி வேண்டும். நூல் பறக்காத, சாயம் போடாத, சுத்தமான பருத்தித் துணி. வீட்டுக்காரி கபன் துணியில் ஒரு முழத்தைக் கத்தரித்துத் தந்தாள்.

“அது என்ட கபன்” என்றார் காக்கா.

“உங்களுக்கு இப்ப அவசரமில்லதானே மச்சான்” என்றாள் அவள்.

மூன்றுகண்ணனை எடுத்து அந்த வெள்ளைத் துணியில் ஒற்றினேன். சிவப்பு, நீலம், மஞ்சள், மூன்று கோடும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று விழுந்தன. மூன்று கோடும் விழுந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அடுத்தது. அதிலும் மூன்று. மூன்றாவது பெட்டியில் மஞ்சள் இல்லை, நான்காவதில் மறுபடி மூன்று. டீச்சர் கதிரையிலிருந்து எழும்பிவந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணத் தொடங்கினார். காக்கா தன் கபனில் பூப் பூக்கிறது என்றார்.

இன்சுலின் ஊசி ஒரு மில்லிதான் பிடிக்கும். நூல்போன்ற முனை. ஸ்பொஞ்சுக்குள் குத்தி, மெல்ல, மிக மெல்ல இழுக்க வேண்டும்; அவசரப்பட்டால் காற்றுத்தான் வரும். முதலில் பதினொரு ஒற்றைக்கண்ணனிலும் இருந்த கறுப்பை இழுத்து இழுத்து ஒரே பெட்டிக்குள் விட்டேன். ஒன்றில் அரை ஊசி வந்தது, ஒன்றில் கால் ஊசி, ஒன்று சுத்த வரட்சி. ஒரு ஊசியை நான் பிடிக்க, மற்றதை வீட்டுக்காரி கழுவி நீட்டினாள். இரண்டு மணி ஆனபோது பெட்டியைப் பிரிண்டருக்குள் தள்ளினேன். சிவப்பு விளக்கு மை இல்லை என்று சிமிட்டியது. பட்டனை அழுத்திப் பிடித்து அதன் வாயை அடைத்தேன்.

முதல் தாள் வந்தது. கறுப்பென்றால் கறுப்பு, காகத்தின் இறகு மாதிரி. டீச்சர் அதை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாள் தாளாக விழுந்துகொண்டிருக்க, அவர் கைபேசியில் வேறொரு அதிபர் கதைத்தார். மற்ற அதிபர்மாரும் கேட்டபடி இருக்கிறார்கள், நிரப்பிய பெட்டி எப்படி என்று. பிறகு எடுக்கிறேன் என்று டீச்சர் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“பிழை என்னில நானா. தவணை முழுக்க ஓடும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் கண்டபடி அடிச்சிட்டன் போல. அவையளுக்கும் அப்பிடித்தான் சொல்லப் போறன்.”

நான் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முழு வலயமும் என்னுடையது. ஒரு சொல் சொல்லத் தேவையில்லை. சும்மா தலையை ஆட்டினால் போதும். பெருமைக்குக் குறைவில்லாமல் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது பயமுறுத்துகிற பார்வை இல்லை. இந்த மனிசன் என்ன செய்யப் போகிறான் என்று அறிய விரும்புகிற பார்வை. எத்தனை மையத்துகளைக் கழுவிய கை அது. மறைக்க ஒன்றும் இல்லாத உடம்புகளைப் பார்த்துப் பழகிய கண்.

“டீச்சர், நான் பாதிதான் நிரப்பினன்” என்றேன். “கூட்டத்தில பெரிசாக் கதைச்சுப் போட்டன். அந்தக் கிழமை என்னட்ட மை இருக்கல்ல. இல்லையெண்டு சொல்ல வெக்கம். பிழை என்னில.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காக்கா முற்றத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. இத்தனை வயதில், பள்ளிக்கூடத்துக் கந்தோரில், அதிபர் முன்னால் குற்றவாளியாக நிற்கிறேன். மூன்றாம் வகுப்பிலும் இப்படி நின்றதில்லை.

அந்த நேரம் பார்த்து எழுத்து மங்கத் தொடங்கியது. கறுப்பு முடிந்தது. பாதிக்கு மேல் தாள் வந்துவிட்டது. இன்னும் பதினாறு பிள்ளைகளுக்கு இல்லை. மணி இரண்டரை. வெட்கப்படவும் நேரம் இல்லை. பெட்டியை வெளியே எடுத்தேன். மூன்று நிறத்தையும் சேர்த்தால் கறுப்புக்குக் கிட்ட வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கறுப்பு மை வேறு சாதி, நிற மை வேறு சாதி. இரண்டும் ஒன்றாய்ப் போனால் தயிர்போல் திரைந்து துளையை அடைக்கும். வற்றிய பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்து, சுடுதண்ணீரை ஊசியால் விட்டு விட்டு இழுத்து, தண்ணீர் தெளியும்வரை அதன் வயிற்றைக் கழுவினேன். வீட்டுக்காரி கபன் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். பிறகு மூன்றுகண்ணன்களிலிருந்து சிவப்பு ஓர் ஊசி, நீலம் ஓர் ஊசி, மஞ்சள் கொஞ்சம். மறுபடி சிவப்பு, மறுபடி நீலம். டீச்சர் மஞ்சள் உள்ள பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து என் கைக்குத் தந்தார். கோபமா இல்லையா என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

இரண்டேமுக்காலுக்குப் பெட்டி உள்ளே போனது. முதல் தாள் தண்ணீர்க் கோடாக வந்தது. இரண்டாவதில் எழுத்து நின்றது. கத்தரிக்காய் நிறம். கண்ணுக்குக் குளிர்ச்சியான, தெளிவான கத்தரிக்காய் ஊதா. காக்காதான் முதலில் கை தட்டினார். டீச்சர் தாள்களை நான்கு நான்காக அடுக்க, வீட்டுக்காரி தாள் முனையில் ஊசிக்கம்பி அடிக்க, நான் பிரிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஓடு ஓடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசிப் பிள்ளையின் கடைசிப் பக்கம் பாதி வெளியே வந்து நிற்கும்போது கரண்ட் போனது. டீச்சர் அந்தத் தாளை மெல்ல இழுத்து எடுத்தார். இரண்டு கேள்வி குறைந்திருந்தது. பேனையை எடுத்து, அழகான கையெழுத்தில் தானே எழுதி முடித்தார்.

பஸ் தரிப்பிடத்தில் டீச்சரை இறக்கினோம். இறங்கும்போது, கோபுரத்தின் பற்றரி சாகுமுன், அந்த அதிபரின் அழைப்பு மறுபடி வந்தது. டீச்சர் எங்கள் முன்னாலேயே கதைத்தார்.

“ஓம் சேர், இடையில நிண்டது. நானா பாதிதான் நிரப்பினவராம். அதை அவரே சொன்னவர். பிறகு குப்பைக்குள்ள இருந்த மையை எடுத்து முழுத் தாளையும் அடிச்சுத் தந்திட்டார். நான் இனியும் அவரிட்டத்தான் குடுப்பன்.” பிறகு என்னைப் பார்த்து, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொன்னார்: “ஆனா நானா, இனி எனக்கு முன்னால வச்சு நிரப்புங்கோ.”

ஊதா நிறத் தாள் கிடைத்த பிள்ளைகள் அது விசேஷமான தாள் என்று மற்றவர்களுக்கு எடுப்புக் காட்டினார்களாம். எனக்கு அந்தக் கதை பிறகுதான் வந்தது.

மறுநாள் விடிய நான் செய்த முதல் வேலை, பின்பக்கம் இருந்த மேசையை வாசலுக்கு இழுத்தது. தனியாக இழுக்க முடியவில்லை. வீட்டுக்காரியும் ஒரு பக்கம் பிடித்தாள். அடுத்த கிழமை ஆறு அதிபர்மார் வந்தார்கள். ஒருவருக்கும் நான் வாயால் உறுதி சொல்லவில்லை. கதிரையைப் போட்டு இருத்தி, அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிரப்பினேன். இன்றைக்கும் அப்படித்தான். வீதியால் போகிறவர்களும் நின்று பார்க்கிறார்கள். சில நாளில் ஆட்டோக்கள்கூட வேகத்தைக் குறைக்கின்றன. ஊசியில் மையை இழுத்ததும், பின்னால் நிற்கிறவருக்கும் ஊசியின் அளவுக்கோடு தெரியட்டும் என்று கையை நன்றாக உயர்த்திப் பிடிக்கிறேன்.